‘கொடி அசைக்க வேண்டாம்’ எண்டு நான் சீல் குத்திக் குடுத்த நோட்டீஸ்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்கட ஃப்ளாட்ஸ் நோட்டீஸ் ஒண்டைத் தமிழிலயும் சிங்களத்திலயும் மொழிபெயர்த்து, ப்ரின்ட் எடுத்து, ஒட்டக் குடுக்கிறது.

ஆறு வரி.

ஆறே ஆறு வரி!

வெள்ளவத்தையில கடலுக்கு இறங்குற ஒழுங்கை ஒண்டிலதான் எங்கட ஃப்ளாட்ஸ். ஆறு மாடி, பன்னிரண்டு வீடு. நாங்கள் நாலாம் மாடி. கமிட்டித் தலைவர் ஃபெர்னாண்டோ அங்கிள் முதலாம் மாடி. தேயிலைக் கம்பெனியில பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். தண்ணி மோட்டர் பழுது எண்ட விசயத்தையே அரைப் பக்கம் இங்கிலீஷில எழுதுற மனுசன்.

நேத்துச் சனிக்கிழமை காலமை கோட் சூட்டோட என்ட வாசல்ல வந்து நிண்டார். நீர்கொழும்பில ஒரு கலியாணமாம்.

"சாந்தினி, ஒரு சின்ன உதவி. சுதந்திர தின நோட்டீஸ். தமிழ், சிங்களம் ரெண்டும் நீங்கதான் போடணும். யூ ஆர் த எக்ஸ்பேர்ட்!"

எக்ஸ்பேர்ட்! அந்த ஒரு சொல்லில நான் விழுந்திட்டன்.

பிழை சொல்லக் கூடாது, நான் உண்மையாவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் மொழிபெயர்த்து சீல் குத்திக் குடுக்கிறனான். பதினெட்டு வருச அனுபவம். ஆனா அதில ஒரு விசயம் இருக்கு. தகப்பன்ட பேர், தாய்ட பேர், பிறந்த இடம். இதுக்குள்ள ஆரும் சிலேடையாக் கதைக்க மாட்டினம்.

அங்கிள்ட நோட்டீஸ் அப்பிடி இல்ல.

சுதந்திர தினத்தண்டு காலமை எட்டு மணிக்குக் கார் பார்க்கில கூடுவம் எண்டு இருந்தது. சரி. பாற்சோறும் பிளேன் டீயும் உண்டு. சரி. பிள்ளைகள் ஒரு பாட்டுப் படிக்கலாம். சரி. எல்லாம் எளிமையா இருக்கட்டும். மிகச் சரி.

கடைசி வரி: "நோ ஃப்ளாக் வேவிங், ப்ளீஸ்."

எனக்கு ஒரு செக்கன் இடிச்சதுதான். சுதந்திர தினத்தில ஏன் கொடி அசைக்க வேண்டாம் எண்டுறார்? பிறகு நானே காரணமும் கண்டுபிடிச்சன். சின்னப் பிள்ளைகள் தடியோட கொடியை ஆட்டி ஆற்றயோ கண்ணில குத்திப் போடுங்கள், அதுக்குத்தான். பாதுகாப்பு! அங்கிளுக்கு எவ்வளவு முன்யோசனை எண்டு மனசுக்குள்ள மெச்சவும் செய்தன்.

அடுப்பில கத்தரிக்காய் பொரியுது. ஒரு கையில அகப்பை, ஒரு கையில ஃபோன். டிக்‌ஷனரி பார்க்கலாம்தான். ஆனா எக்ஸ்பேர்ட்டுக்கு எதுக்கு டிக்‌ஷனரி?

தமிழில அடிச்சன்: "சுதந்திர தினத்தன்று கொடி அசைப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்."

சிங்களத்திலயும் அதையே அடிச்சன். கொடிக்கு ரெண்டு பாஷையிலயும் கிட்டத்தட்ட ஒரே சொல்தானே. பிழையும் ரெண்டு பாஷையிலயும் சரிசமமா விழுந்துது.

ப்ரின்ட் எடுத்தன். அங்கிள் கையெழுத்துப் போடாமலே போயிட்டார். அடியில வெறுமையா இருந்தது. என்னவோ குறையிற மாதிரி இருந்துது. பழக்க தோசத்தில கை தானாப் போய் லாச்சியைத் திறந்துது.

சீலை எடுத்துக் குத்தினன்.

என்ட முழுப் பேர். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும். நல்ல நீல மையில.

கீழ கொண்டு போய் எங்கட செக்கியூரிட்டி குணே அய்யேட்டக் குடுத்தன். அறுபது வயசு மனுசன், சொன்ன வேலையைச் சொன்னதுக்கு மேலயே செய்வார். "அய்யே, லிஃப்டுக்குப் பக்கத்தில ஒட்டுங்கோ" எண்டு சிங்களத்தில சொல்லிப் போட்டு நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டன்.

ஒரு மணித்தியாலத்தில திரும்பி வாறன். கேட்டடியில என்னவோ வித்தியாசமா இருக்கு. மூண்டு நாளா கேட்டுக்கு மேல ஒரு கொடி கட்டி இருந்தது. குணே அய்யேதான் ஆசையாக் கட்டினவர். இப்ப அதைக் காணேல்ல. கொடி இருந்த இடத்துக்கு நேர கீழ, ஒழுங்கையால போற வாற எல்லாருக்கும் தெரியிற மாதிரி, என்ட நோட்டீஸ் ஒட்டி இருக்கு.

"அய்யே, இதை ஏன் வெளியில ஒட்டினனீங்க?"

"பசை மிச்சம் இருந்துது நோனா. லிஃப்டடியில ஒண்டு, இங்க ஒண்டு."

"கொடி எங்க?"

அவர் என்னைப் பாவமாப் பார்த்தார். கதிரைக்குக் கீழ இருந்து மடிச்சு வைச்ச கொடியை எடுத்துக் காட்டினார்.

"நீங்கதானே நோனா கொடி வேண்டாம் எண்டு சீல் அடிச்சிருக்கிறீங்க. சீல் அடிச்சு வந்தா நான் என்ன செய்யிறது?"

அப்பவும் எனக்கு விளங்கேல்ல பாருங்கோ! "இல்லை அய்யே, கட்டலாம். ஆட்டத்தான் கூடாது" எண்டன்.

அவர் கொடி இருந்த இடத்தையும் பார்த்தார், கடல் பக்கத்தையும் பார்த்தார்.

"காத்துக்கு அது தானே ஆடும் நோனா?"

அந்த நேரம் பார்த்து ரெண்டாம் மாடி நிஸாம் நானா வேன்ல வந்து இறங்கினார். பெட்டாவில துணிக்கடை வைச்சிருக்கிறவர். டிசம்பரில நட்சத்திர லைட், பெப்ரவரியில கொடி எண்டு சீசனுக்கு ஏத்த மாதிரி விப்பார். நோட்டீஸை வாசிச்சார். திரும்பவும் வாசிச்சார்.

"என்ன தங்கச்சி இது? எங்கட பில்டிங்ல கொடி வாணாமா? என்ட பல்கனியில நாலு கொடி போட்டீக்கிறேன். அதையும் கழட்டவா?"

"இல்லை நானா, அது பிள்ளைகள்ட கண்ணில குத்தும் எண்டு..."

"ஆர்ர கண்ணுல? ரெண்டாம் மாடி பல்கனிக்கு எந்தப் புள்ள தங்கச்சி ஏறி வரும்?"

நான் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள்ள ஒளிச்சன். பதினெட்டு வருச அனுபவம்!

மேல வந்து கதவைத் திறக்கிறன், ஃபோன் அடிக்குது. கொட்டாஞ்சேனையில இருக்கிற என்ட மச்சாள் வதனி. என்ட வீட்டுக்காரற்ற தங்கச்சி. ஃபோன் எடுத்தா முதல்ல சுகம் விசாரிக்கிற ஆள். நேத்து விசாரிக்கேல்ல.

"மச்சாள், நீங்களோ கொடிக்குத் தடை போட்டது?"

"ஆர் சொன்னது?"

"வட்ஸ்அப்பில படம் வந்திருக்கு! கேட், கேட்டில நோட்டீஸ், நோட்டீஸில உங்கட பேர். பெரிசாக்கிப் பார்த்தனான். சீல் நல்ல வடிவா விழுந்திருக்கு."

ஆரோ ஒழுங்கையால போனவை ஃபோட்டோ எடுத்து ஒழுங்கை க்ரூப்பில போட்டிருக்கினம். அங்கயிருந்து எப்பிடிக் கொட்டாஞ்சேனைக்குப் போச்சுதெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். நான் பஸ்ஸில போறதெண்டா ஒண்டரை மணித்தியாலம். என்ட நோட்டீஸ் எனக்கு முதலே போய்ச் சேர்ந்திட்டுது.

"இவ்வளவு நாளும் ஒரு வம்புக்கும் போகாத ஆள் நீங்கள்" எண்டா வதனி. அவவின்ட குரல்ல பயமும் இருந்துது, கொஞ்சம் மரியாதையும் இருந்துது. "திடீரெண்டு என்ன துணிச்சல்?"

"ஐயோ, துணிச்சல் இல்லையடி. மொழிபெயர்ப்பு!"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இவர், அதான் என்ட வீட்டுக்காரர், பேப்பரை மடிச்சு வைச்சார். மனுசன் பேப்பரைப் பாதியில மடிக்கிறதெண்டா விசயம் பாரதூரம்.

"சாந்தினி, நீ என்ன செய்தனி?"

சொல்லி முடிக்கேல்ல, காலிங் பெல்.

வாசல்ல பரமசிவம் மாஸ்டர். ஆறாம் மாடி. கொட்டாஞ்சேனையில சரித்திரம் படிப்பிச்சு ரிட்டையர் ஆனவர். கையில, அங்கிள் காலமை வீடு வீடாக் கதவுக்குக் கீழால போட்டிட்டுப் போன இங்கிலீஷ் பிரதி. முகம் சிவந்து போய் நிக்கிறார்.

"பிள்ளை, இதை எழுதினது ஃபெர்னாண்டோதானே? உண்மையைச் சொல்லும்."

"ஓம் மாஸ்டர்."

"இது எனக்கெண்டே எழுதினது."

"உங்களுக்கோ? நீங்கள் கொடி ஆட்டுறனீங்களோ?"

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ஓ/எல் சோதினையில மூண்டு தரம் ஃபெயில் விட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"ஃப்ளாக் வேவிங் எண்டா கொடியை ஆட்டுறது இல்லைப் பிள்ளை! நாட்டுப் பற்றை மற்றவைக்குக் காட்டுறதுக்காக ஆரவாரம் பண்ணுறது. மேடையில ஏறி நெஞ்சில அடிச்சுக் கத்திறது. உள்ளுக்கு ஒண்டும் இல்லாத வெளிப் பகட்டு. அதுக்குத்தான் அந்தச் சொல்லு. இழிவாச் சொல்லுற சொல்லு!"

நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டன்.

"போன வருசம் பேசினது ஆர்? நான். ஒரு நாப்பத்தைஞ்சு நிமிசம் இருக்கும். அது ஆரவாரமோ? நீர் சொல்லும்."

போன வருசம் எனக்கு நல்ல ஞாபகம். மாஸ்டர் பழைய அரசர்களில தொடங்கி வெள்ளைக்காரனுக்கு வந்து கிரிக்கெட் கப்பில முடிக்கேக்க பாற்சோறு செங்கல் மாதிரி இறுகிப் போச்சு. வெட்ட வந்த கத்தி வளைஞ்சுது.

"இல்லை மாஸ்டர், நல்லாத்தான் இருந்தது" எண்டன்.

ஆக நிலமை இதுதான். அங்கிள் சொன்னது, நீட்டி முழக்கிப் பேச வேண்டாம் எண்டு. நான் சொன்னது, கொடி வேண்டாம் எண்டு. இங்கிலீஷை வாசிச்ச மாஸ்டருக்குக் கோவம். தமிழை வாசிச்ச சனத்துக்குப் பயம். சிங்களத்தை வாசிச்ச குணே அய்யே கொடியையே கழட்டி வைச்சிட்டார். மூண்டு பாஷையில மூண்டு விதமான சேதம். எல்லாத்துக்கும் அடியில என்ட சீல்.

அங்கிளுக்கு ஃபோன் அடிச்சன். முதலாம் மாடியில இருந்து மணிச் சத்தம் கேட்டுது. ஃபோனை வீட்டில வைச்சிட்டுப் போயிட்டார்!

சரி, முதல்ல நோட்டீஸைக் கிழிப்பம் எண்டு ஓடினன். லிஃப்டடியில இருந்தது லேசா வந்திட்டுது. கேட்டில இருந்தது வருதில்ல. குணே அய்யே மிச்சப் பசை முழுக்க அதிலதான் பூசி இருக்கிறார். வீட்டில இருந்து தோசைக் கரண்டி கொண்டு வந்து சுரண்டினன். நல்ல வெயில். ஒழுங்கையால போறவை எல்லாம் நிண்டு பார்க்கினம்.

கஷ்டப்பட்டு ஒரு துண்டு கழண்டு வந்துது. என்ன துண்டெண்டு பார்த்தா, ‘தயவுசெய்து’.

இப்ப கேட்டில இருக்கிறது: "சுதந்திர தினத்தன்று கொடி அசைப்பதைத் தவிர்க்கவும்." இவ்வளவு நேரமும் வேண்டுகோளா இருந்தது. நான் சுரண்டிச் சுரண்டி அதைக் கட்டளையா ஆக்கிப் போட்டன்.

சீல் மட்டும் அசையவே இல்ல. நல்ல மை.

இவர் கீழ இறங்கி வந்து பார்த்தார். தலையில கை வைச்சார். நிஸாம் நானாவும் வந்தார். மூண்டு பேரும் கேட்டடியில ஒரு அவசரக் கூட்டம் போட்டம்.

"இதைக் கழட்டி முடிக்கிறதுக்குள்ள ஆரும் பொலிஸுக்குச் சொல்லிப் போட்டா?" எண்டு இவர் கேட்டார்.

வெளியில இருக்கிற ஆக்களுக்கு இது பகிடியா இருக்கும். ஆனா நாங்கள் சண்டைக் காலத்தில பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில வைச்சுக்கொண்டு திரிஞ்ச சனம். எத்தினையோ வருசம் போயிட்டுது. ஆனாலும் பொலிஸ் எண்டு ஆரும் சொன்னா என்ட கை தானாப் போய் ஐடென்டிடி கார்ட் இருக்கோ எண்டு தடவிப் பார்க்கும். நேத்தும் தடவிச்சு. வீட்டு உடுப்பில பொக்கெட் கூட இல்ல.

"ஒரு வழி ஈக்கிது" எண்டார் நிஸாம் நானா. "நோட்டீஸ் என்னத்தச் சென்னாலும் பரவால்ல. மேல ஒரு கொடி தொங்கினா ஆரும் வாயத் திறக்க ஏலாது. பெரிய கொடி."

"எவ்வளவு பெரிசு நானா?"

"கடையில ஒண்டு ஈக்கிது. ஒரு கம்பெனி ஆர்டர் தந்துட்டு எடுக்கல்ல. நான் இன்னும் விரிச்சே பாக்கல்ல."

விரிச்சே பார்க்கேல்ல எண்ட அந்த ஒரு வசனத்தில நாங்கள் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கேல்ல. பயந்த மனுசருக்கு அளவு தெரியாது.

மூண்டு மணி போல வேன் வந்துது. கொடியை லிஃப்டில ஏத்த ஏலேல்ல. படியால நாலு பேர் பாய் சுருட்டின மாதிரித் தோளில தூக்கிக்கொண்டு ஏறினம். மொட்டை மாடியில இருந்து கயிறு கட்டி, ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ எண்டு இவர் எண்ண, நிஸாம் நானா விட்டார்.

அது விரிஞ்சுது.

விரிஞ்சுகொண்டே போச்சு.

ஆறாம் மாடி, அஞ்சாம் மாடி, நாலாம் மாடி, மூண்டாம் மாடி. ரெண்டாம் மாடியில நிஸாம் நானாட பல்கனியில இருந்த நாலு சின்னக் கொடியையும் மூடிக்கொண்டு போய்த்தான் நிண்டுது.

நான் வீட்டுக்குள்ள வந்து பார்த்தா, இருட்டு. ஹோல் முழுக்க ஒரு சிவப்பு வெளிச்சம். குசினி ஜன்னலுக்கு நேர சிங்கம் வாளோட நிக்குது. நான் எரிஞ்சு போன கத்தரிக்காயைச் சுரண்டுறன், அது வாளை ஓங்கிக்கொண்டு பார்க்குது. கடல் காத்துக்கு அந்தத் துணி சுவரில அடிக்கிற சத்தம் இருக்கே, ஆரோ பெரிய ஆள் எங்களுக்கு அறையிற மாதிரி!

அஞ்சாம் மாடி ஆச்சி ஃபோன் எடுத்து, "பிள்ளை, மழை இருட்டுதோ? உடுப்புக் காயப் போட்டிருக்கிறன்" எண்டா.

அப்பத்தான் குணே அய்யே கீழ இருந்து இன்டர்கொம் அடிச்சார்.

"நோனா, பொலிஸ்."

படியால எப்பிடி இறங்கினன் எண்டு எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு என்ட, மற்றது இவற்ற. கேட்டடியில மோட்டர் சைக்கிள் நிக்குது. பக்கத்தில ஒரு சார்ஜன்ட், ஐம்பது வயசிருக்கும், கையில புத்தகம். எனக்குப் பின்னால இவர், இவருக்குப் பின்னால நிஸாம் நானா, எல்லாருக்கும் பின்னால மாஸ்டர்.

இதுக்குப் பிறகு கதை முழுக்கச் சிங்களத்தில நடந்தது. உங்களுக்கு நான் தமிழில தாறன். இந்த முறை கவனமாத்தான் மொழிபெயர்க்கிறன்.

"இதுக்கு ஆர் பொறுப்பு?" எண்டார் சார்ஜன்ட்.

"நான்தான் சேர்" எண்டு நான் முன்னுக்கு வந்தன். "என்ட பேர்தான் அது. சீலும் என்டதான். ஆனா சேர், சத்தியமா அப்பிடி அர்த்தம் இல்ல. எங்களுக்குக் கொடியில ஒரு கோவமும் இல்ல. பாருங்கோ, மேல கட்டி இருக்கிறம். அது ஒரு இங்கிலீஷ் சொல்லாலதான் வந்த பிழை. நான் கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டிருந்தன்..."

ஒரு மூச்சில எல்லாத்தையும் கொட்டிப் போட்டன்.

சார்ஜன்ட் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக் கையை நீட்டிக் காட்டினார்.

"நான் இந்த வேனைக் கேட்டன் நோனா. நோ பார்க்கிங்ல நிக்குது."

மேல கொடி ‘படார்’ எண்டு ஒரு அடி அடிச்சுது.

"என்ன சீல்?" எண்டார் சார்ஜன்ட்.

பார்த்தீங்களா? மனுசன் நோட்டீஸைப் பார்க்கவே இல்ல. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டின மாதிரிச் செய்து போட்டன்!

அவர் கேட்டடிக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டு வாசிச்சார். முகம் இறுகிச்சு.

"கொடி அசைக்க வேண்டாம் எண்டு போட்டிருக்கு."

"ஓம் சேர். ஆனா..."

இந்த இடத்தில நீர்கொழும்பில இருந்து வந்த த்ரீவீலர் ஒண்டு நிண்டுது. ஃபெர்னாண்டோ அங்கிள், கோட் சூட்டோட, கையில கலியாணக் கேக் துண்டோட இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். நாலரை மாடிக்குத் தொங்குற கொடியைப் பார்த்தார்.

"மை காட்! நோ ஃப்ளாக் வேவிங் எண்டு இவ்வளவு தெளிவா எழுதி வைச்சிட்டுப் போனனே! ஆர் இதைச் செய்தது?"

சார்ஜன்ட்டுக்கு இங்கிலீஷில ‘நோ’ எண்டதும் ‘ஃப்ளாக்’ எண்டதும் நல்லா விளங்கிச்சு.

"ஆ, அப்ப நீங்களும் சேர்த்தியா?" எண்டார் அங்கிளைப் பார்த்து.

அங்கிள் முழிக்கிறார். இவர் வியர்க்கிறார். எனக்கு அழுகை வருது. உண்மையாத்தான். இந்தச் சீல் போனா என்ட தொழிலே போச்சு எண்டு ஒரு பக்கம். ஆறு வரிக்காக எழுபத்தாறு வயசு மனுசனையும் மாட்டி விட்டிட்டன் எண்டு மற்றப் பக்கம்.

அப்ப பின்னால இருந்து ஒரு தொண்டை செருமிற சத்தம். பரமசிவம் மாஸ்டர்!

"சார்ஜன்ட் மாத்தயா, அந்தச் சொல்லிட பொருளை நான் விளக்கிறன்."

காலமை முழுக்கக் கோவமா இருந்த மனுசன். இப்ப அங்கிளைப் பழி வாங்குவாரோ எண்டு பயம்.

வாங்கேல்ல. மாஸ்டர் நல்ல சுத்தமான சிங்களத்தில தொடங்கினார். இது கொடியைப் பற்றின சொல் இல்ல, மனுசரைப் பற்றின சொல் எண்டார். ஃபெர்னாண்டோ நேர்மையான ஆள், அவர் கேட்டது அடக்கம் எண்டார். நாட்டை நேசிக்கிறது வேற, நேசிக்கிறன் எண்டு ஊருக்குக் காட்டுறது வேற எண்டார். இந்தப் பிள்ளை ஒரு அப்பாவி எண்டு என்னைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிச்சு. அங்கிளுக்கும் கலங்கிச்சு.

அங்க நிப்பாட்டி இருக்கலாம்.

பிறகு மாஸ்டர் பழைய அரசர்களுக்குப் போனார்.

பத்து நிமிசத்தில வெள்ளைக்காரனிட்ட வந்தார். குரல் ஏறுது. கை ஏறுது. ஒழுங்கையில சனம் சேருது. சார்ஜன்ட் முதல்ல நேர நிண்டு கேட்டார். பிறகு ஒரு கால்ல நிண்டு கேட்டார். பிறகு மோட்டர் சைக்கிள்ல சாய்ஞ்சு நிண்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சேர், சேர்" எண்டு கடைசியில கையைத் தூக்கினார். "எனக்கு விளங்கிட்டுது. இப்ப நீங்க செய்யிறீங்களே, அதைத்தானே வேண்டாம் எண்டு எழுதி இருக்கு?"

மாஸ்டர் அப்பிடியே நிண்டிட்டார். ஏறின கை ஏறினபடி.

சார்ஜன்ட் அண்ணாந்து மேல பார்த்தார். "அப்ப இந்தப் பெரிய கொடி? இதுவும் அதுதானே?"

நான் மெல்லமாச் சொன்னன்: "ஓம் சேர். இதுவும் அதுதான்."

அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அந்தக் கொடியை நாங்கள் அன்பில கட்டேல்ல. பயத்தில கட்டினம். சந்தோசத்தில கட்டினது குணே அய்யேட சின்னக் கொடி ஒண்டுதான். அதை நான் கழட்ட வைச்சிட்டன்.

சார்ஜன்ட் சிரிச்சார். முதல் தரமாச் சிரிச்சார்.

"நோனா, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இங்கிலீஷ்? எங்கட ஊரில இதுக்கு ஒரு சொல்லுத்தான். ஷோ! ‘ஷோ தான்ன எப்பா’. அவ்வளவுதான். ஷோ காட்டாதீங்க எண்டு எழுதி இருந்தா சின்னப் பிள்ளைக்கும் விளங்கி இருக்கும்."

ஷோ!

நானும் வாயைப் பிளந்தபடி நிண்டன். தமிழிலயும் அதேதான். ஷோ காட்டுறது. எங்கட சனம் நாளுக்கு நாப்பது தரம் சொல்லுற சொல்லு. பகட்டு எண்டு ஒரு சொல், ஆரவாரம் எண்டு ஒரு சொல், எல்லாம் மாஸ்டருக்குத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. பதினெட்டு வருசம் சீல் குத்தின எனக்கு வராத சொல்லு வேன் பிடிக்க வந்த மனுசனுக்கு ஒரு செக்கனில வந்திட்டுது.

"பெரிய கொடியைக் கழட்டுங்க" எண்டார் சார்ஜன்ட். "இந்தக் காத்துக்குக் கிழிஞ்சு போகும். கிழிஞ்ச கொடி மரியாதை இல்ல. சின்னதா ஒண்டு கட்டினாக் காணும்."

குணே அய்யே அவர் சொல்லி முடிக்க முதலே கதிரைக்குக் கீழ குனிஞ்சிட்டார்.

அங்கிள் கலியாணக் கேக் துண்டை மாஸ்டரிட்ட நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கி, பாதியைப் பிச்சுத் திருப்பிக் குடுத்தார். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. மாஸ்டர் ஒண்டும் கதைக்காம நிண்டதை நான் நேத்துத்தான் பார்த்தன்.

எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் பெருமூச்சு விடேக்க, சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தார். வேனுக்கு எழுதத் தொடங்கினார்.

நிஸாம் நானா ஓடி வந்தார்.

"சேர், சேர், இது கொடி கொண்டு வந்த வேன் சேர்! நாட்டுக்காக ஓடின வேன்! நாங்க எல்லாம் எவ்வளவு தேசப் பற்றான ஆக்கள் எண்டு பாருங்க, மேல பாருங்க சேர்..."

சார்ஜன்ட் தலையை நிமித்தவே இல்ல. எழுதிக்கொண்டே சொன்னார்:

"முதலாளி, ஷோ தான்ன எப்பா."

ஆக, அந்தச் சொல்லுக்கு இப்ப எனக்கு அர்த்தமும் தெரியும், உதாரண வசனமும் தெரியும்; ரெண்டையும் படிப்பிச்சது ட்ரஃபிக் பொலிஸ்.